நான்காவது கியூப்

கூரைத் தளம் போட்டுச் சரியாக இருபத்தெட்டு நாள். நான் அந்த வேலையின் சைட் இன்ஜினியர். இண்டூரில் புதிதாகக் கட்டிய அங்கன்வாடியின் பின்னால், தண்ணீர் டிரம்மில், தளத்தின் வலிமையைச் சோதிக்க வார்த்த கான்கிரீட் கியூப்கள் மூன்று இருக்க வேண்டும். நான்கு இருந்தன.

எங்களிடம் உள்ள அச்சுகளே ஆறுதான். தளம் போட்ட அன்று ஆறு கியூப் வார்த்தோம். ஏழாம் நாள் மூன்றை லேபில் உடைத்துப் பார்த்தார்கள். மிச்சம் மூன்று. நான்காவதிலும் மற்றவற்றைப் போலவே தளம் போட்ட தேதி என் கையெழுத்தில் இருந்தது.

“நீங்களே எழுதிட்டு என்னையக் கேக்கறீங்களே மேடம்,” என்று மேஸ்திரி பச்சியப்பன் சிரித்தார்.

நான்கையும் தர்மபுரி லேபில் கொடுத்தேன். வலிமை இருபதுக்குக் குறையக் கூடாது. மூன்று கியூப்கள் இருபத்தாறைத் தாண்டின. நான்காவது ஒன்பதிலேயே நொறுங்கியது.

“மூணுக்குத்தாம்மா ரிப்போர்ட்டு. அதைத் தூக்கி வீசிட்டு தளம் உறுதின்னு சர்டிபிகேட்ல கையெழுத்தப் போடு,” என்றார் கான்ட்ராக்டர் நவநீதன்.

போட்டேன். சைட்டுக்குத் திரும்பியபோது டிரம்மில் ஒரு கியூப் கிடந்தது. அதே தேதி.

அங்கன்வாடி டீச்சர் பூவிழி துடைப்பத்தோடு வந்தார்.

“திங்கக்கிழமை புள்ளைங்களக் கூட்டியாரலாங்களா மேடம்? எத்தன நாளைக்குத்தான் மரத்தடியிலயே உக்கார வெக்கறது?”

சர்டிபிகேட் என் பையில் இருந்தது.

“கூட்டியாராதீங்க,” என்றேன். “நான் டெஸ்டுக்குக் குடுத்தது இந்தத் தளத்துல போட்ட கலவை இல்லீங்க. சிமெண்டு அதிகமாப் போட்டு, தனியாக் கலந்து வார்த்தது.”