படித்தால் அழியும்

“பிழை ஏதும் இல்லை.”

சோதனைக் கருவியின் திரையில் வந்த வரியை, மேலாளர் ஹேதி ஊருக்கே கேட்கும்படி படித்தார். சோதனைப் பிரிவு நஸீஹா எட்டிப் பார்த்தாள்; அதே வரிதான்.

“நேத்து சாயங்காலம் இது கத்துச்சுன்னியே. கனவுலயாம்மா?”

“நிஜமாவே கத்துச்சு, ஸி ஹேதி,” என்றாள் அவள் மரியாதை குறையாமல். “சிவப்பு விளக்கும் எரிஞ்சுது. அதனாலதான் சரக்கை அனுப்ப வேண்டாம்னு சொன்னேன்.”

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்கான சர்க்யூட் போர்டுகள் அவை. தலைநகர் தூனிஸின் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய லாரி, அவள் சொல் ஒன்றால் தொழிற்சாலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

“போர்டுல எட்டு சேனல் இருக்கே, எதுல கோளாறு? அதையாவது சொல்லு.”

“தெரியாது. எந்த சேனல்னு இந்தக் கருவி ஒரு தடவைதான் திரையில காட்டும், படிச்சதும் அழிஞ்சுடும். உங்களை சாட்சியா வச்சுக்கிட்டுப் படிக்கலாம்னுதான், அணைக்காம அப்படியே விட்டுட்டுப் போனேன்.”

“ஓஹோ! அப்போ நமக்கு முன்னாடி யாரோ படிச்சு அழிச்சுட்டாங்க. யாரு, நானா?”

நஸீஹா பார்வையை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. சரக்கு போகாவிட்டால் முதலில் உருளப்போவது அவர் தலைதானே!

பக்கத்தில் நின்ற ரவூஃப் குறுக்கே வந்தான். கட்டிய புருஷன், அதே தொழிற்சாலையில் வேலை. “என் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா. அசதியில ஏதோ தோணியிருக்கும், விட்டுடுங்க.”

“அந்த போர்டை வடிவமைச்சவனே நீதான். உனக்கு வராத சந்தேகம் இவளுக்கு மட்டும் எங்கேருந்து வருது?” ஹேதி கருவியை அணைத்தார். “சரக்கை ஏத்தச் சொல்லு. நஸீஹா, நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

பன்னிரண்டு வருஷ வேலை, ஒரே வாக்கியத்தில் போயிற்று. கேன்டீன் மூலையில் உட்கார்ந்து அவள் குமுறிக் குமுறி அழுதாள். ரவூஃப் காபியில் அவளுக்குப் பிடித்த ஆரஞ்சுப்பூ நீரை இரண்டு சொட்டு விட்டு நகர்த்தி வைத்தான். இந்த ஒருவனாவது தன் பக்கம் இருக்கிறானே என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“அந்தக் கிழட்டு நரிதான் ரவூஃப்! ராத்திரியே வந்து படிச்சு அழிச்சிருக்கான். அந்த போர்டால ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

“ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்ல.” அவன் அவள் கண்ணீரைத் துடைத்தான். “மூணாவது சேனல்ல துளி வோல்டேஜ் கூடிடுச்சு. இதுக்குப் போயா வேலையைப் பறிகொடுப்பாங்க?”

நஸீஹா நிமிர்ந்தாள். கன்னத்தில் இருந்த அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“மூணாவதுன்னு உனக்கு யாரு சொன்னது?”