ஒரு இலை போதும்

“ஒரு இலை போதும்மா” என்றாள் நெவென்கா.

லூட்ஸா நம்பவில்லை. “ஒண்ணே ஒண்ணா? வழியில வாடிப் போச்சுன்னா? ரெண்டா எடுத்துக்கோ.”

வீட்டுக்குப் பின்னால், கல் சுவரை ஒட்டி ஐந்தே ஐந்து திராட்சைக் கொடிகள். தண்டு ஒவ்வொன்றும் தொடைப் பருமன். ஊரில் அந்த ரகத்துக்குச் சிவப்பன் என்று பெயர். மற்றவர்கள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதிகம் காய்க்கும் ரகங்களுக்கு எப்போதோ மாறிவிட்டார்கள்.

இந்த ஐந்துக்கும் வியாழக்கிழமை வரைதான் ஆயுள். அன்று மண் தோண்டும் இயந்திரம் வருகிறது. இடம் லூட்ஸாவின் கொழுந்தன் யாகொவின் பங்கில் இருக்கிறது. கோடையில் வரும் சுற்றுலாக்காரர்களுக்காக அங்கே நாலு அறை கட்டப் போகிறான்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் நெவென்கா தலைநகர் ஸாக்ரெப்பின் திராட்சை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஐந்து மணி நேரம் காரோட்டி வந்திருந்தாள்.

“கலிபோர்னியாவுல இப்படி ஒரு திராட்சை ஆயிரக்கணக்கான ஏக்கர்ல நிக்குதும்மா. சிவப்பு ஒயினுக்குப் பேர் போனது. எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு அங்க யாருக்கும் தெரியலை. நூத்தி எழுபது வருஷம் முன்னாடி யாரோ ஒரு குச்சியை ஒடிச்சுக் கப்பல்ல கொண்டு போயிருக்காங்க. அது உங்க சிவப்பன்தானோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம்.”

“பெத்த இடம் எதுன்னு அதுக்கே தெரியாதா?”

“தெரியாதும்மா. அதான் இலையை வெச்சு ஒப்பிட்டுப் பாக்குறோம்.”

சுவர்மேல் உட்கார்ந்து உலர்ந்த அத்திப்பழம் தின்றுகொண்டிருந்த யாகொவ் கடகடவென்று சிரித்தான். “அண்ணி, அது உங்க கொடிதான்னு ஆயிட்டா அமெரிக்காவே உங்களுக்குச் சம்பந்தி வீடு. எனக்கு ஒரு விசா வாங்கிக் குடுங்க. நாலு ரூமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

“உன்னை உள்ள விட்டா அமெரிக்காக்காரன் கப்பலேறி இங்க வந்துடுவான், போடா.”

நெவென்கா கடைசிக் கொடியின் அருகே குனிந்தாள். தண்டைச் சுற்றி ஒரு பழைய கம்பி. பாதி முடிச்சை மரமே விழுங்கியிருந்தது.

“யாரோ இறுக்கிக் கட்டிட்டாங்க. மரத்தை அறுக்குது பாருங்க. எடுத்துடட்டுமா?”

“தொடாதே.” லூட்ஸாவின் குரல் சட்டென்று மாறியது. “அது எம் பையன் கட்டினது.”

யாகொவ் கையிலிருந்த அத்திப்பழத்தை வாயில் போடாமல் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தான்.

நெவென்கா நுனியிலிருந்த ஓர் இளம் இலையைக் கிள்ளிச் சின்னக் குழாயில் போட்டு மூடினாள்.

“பேர் எழுதினியா?”

“எழுதறேம்மா.”

“நீலப் பேனாவுல எழுதாதே, தண்ணி பட்டா அழிஞ்சிடும். மூடிமேல மட்டும் எழுதாதே, மூடி மாறிப் போயிடும். குழாய்லயும் எழுது. தேதி போடு. ஐஸ் பெட்டியில தனியா வை, இன்னொண்ணோட கலந்துடக் கூடாது.”

நெவென்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க எங்க லேப்ல வேலை பாத்தீங்களாம்மா?”

லூட்ஸா குழாயின் மூடியை அழுத்திப் பார்த்தாள். “எத்தனை நாளாகும்?”

“ரெண்டு மாசம். பொருந்துச்சுன்னா உடனே லெட்டர் போட்டுடுவோம்.”

“பொருந்தலைன்னா?”

“பொருந்தலைன்னா... வழக்கமா ஒண்ணும் எழுத மாட்டோம்மா.”

“எழுதணும்.” லூட்ஸா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இல்லைன்னாலும் இல்லைன்னு எழுதணும். ஒரு வரி போதும். செய்வியா?”

“செய்யறேம்மா. ஒரு கொடிக்குப் போய் ஏன் இவ்வளவு...”

லூட்ஸா கறுப்புச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். உள்மடிப்பில், நரம்பு ஓடும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“எங்கிட்ட இங்கதான் எடுத்தாங்க. ஒரு குழாய் ரத்தம். போர் நடந்த இடத்துல எலும்பு எங்க கிடைச்சாலும் அதோட ஒப்பிட்டுப் பாக்குறதாச் சொன்னாங்க. ஆறு வருஷமாச்சு. இருக்குன்னும் எழுதலை, இல்லைன்னும் எழுதலை.”



நெவென்கா குழாயை எடுத்து, எழுதியதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.

யாகொவ் சுவரிலிருந்து இறங்கினான். பையிலிருந்து செல்போனை எடுத்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டு பேசினான்.

“வியாழக்கிழமை வண்டியைக் கொண்டு வராதே... ஆமாப்பா, முன்பணம் உங்கிட்டயே இருக்கட்டும்... எப்பன்னு கேட்டா? அண்ணிக்கு ஒரு லெட்டர் வரணும். வந்ததும் சொல்றேன்.”

“ரெண்டு மாசத்துல வந்துடும் சார்” என்றாள் நெவென்கா, மெதுவாக.

யாகொவ் தலையசைத்தான். “உங்களுது வந்துடும்.”

லூட்ஸா அதற்குள் குனிந்து, கம்பி முடிச்சின் மேல் ஒட்டியிருந்த மண்ணை இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.