கெட்டியாய் ஒரு பூச்சு

மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து ஆய்வுக்கூட மேசையில் பாதியைத் தகித்துக்கொண்டிருக்கிறது. தங்கை அந்தப் பச்சை மூலிகை க்ரீமைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகத் தடவி, கருவிக்குள் செருகி, மூடியைச் சாத்துகிறாள். அறையெங்கும் கற்றாழை வாசனை. உள்ளே புற ஊதாக் கதிர் பாய்கிறது. வெயில் தடுப்பு எண் திரையில் வந்து நிற்கிறது: நான்கு. திரும்பத் திரும்ப அதே நான்கு. க்ரீம் கம்பெனி முதலாளியான அண்ணன் கையில் பிடித்திருக்கும் அட்டைப்பெட்டியிலோ முப்பது என்று தங்க எழுத்தில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. "கொஞ்சம் கெட்டியாத் தடவிப் பாரேன்," என்கிறார். "ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரியா?" என்கிறாள் தங்கை. "இவ்வளவுதான் தடவணும்னு அளவு இருக்குண்ணே. ஜனங்க இதைவிடக் கம்மியாத்தான் தடவுவாங்க." "மூலிகைம்மா. மெஷினுக்கு அதோட அருமை தெரியாது."

அவள் தகட்டை வைக்கிற வேகத்தில் மேசையிலுள்ள குடுவைகள் அதிர்கின்றன. "நேத்து நீச்சல் முடிஞ்சு உன் பொண்ணு நேரா என்கிட்டதான் வந்தா. தோள் ரெண்டும் செக்கச்செவேல்னு வெந்து கிடக்கு. ஏண்டி க்ரீம் போடலயான்னு கேட்டா, 'அப்பா க்ரீம்தான் அத்தை, ரெண்டு தடவை போட்டேன்'ங்கறா. அவ தோலுக்குமா அருமை தெரியல?"

அண்ணன் பெட்டியின் தங்க எழுத்தைக் கட்டைவிரலால் துடைக்கிறார். வெயில் மேசையைத் தாண்டி அவர் வழுக்கையில் ஏறுகிறது. "மூலிகைன்னா மெதுவாத்தான் வேலை செய்யும்," என்று முணுமுணுத்தபடி, நாற்காலியைச் சுவரோர நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.