செயற்கைக்கோள் மாற்றிச் சொன்ன அளவு

வானிலை நிலையத்தில் பலூன் விடும் பணியிலிருந்த சவரிமுத்து, 1996ஆம் ஆண்டு ஐப்பசியில் எனக்குச் சொன்ன கதை இது.

காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் ஓசோனையும் மேலிருந்து அளந்து, தரையிலுள்ள ஆண்டெனாவுக்குச் சொல்வது வயதான ஒரு செயற்கைக்கோளின் வேலை. ஒருநாள் தென்கோடிப் பனிநிலத்துக்கு மேலே ஓசோன் பாதியாகக் குறைந்திருப்பதைக் கண்டு அது திடுக்கிட்டது.

“அண்ணா, இங்கே ஓசோன் பாதிதான் இருக்கிறது!”

“உன் பார்வை பாதிதான் இருக்கிறது என்று சொல்,” என்று சிரித்தது ஆண்டெனா. “இவ்வளவு குறைவாக வந்தால் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடுவதுதான் இங்கே வழக்கம். இன்னொரு முறை உளறினால் உன்னை அணைத்துவிடுவார்கள், தாயி.”

அணைந்துபோகச் செயற்கைக்கோளுக்கு மனமில்லை. அடுத்த சுற்றில் அது சென்ற ஆண்டின் அளவையே சொன்னது.

“பார்த்தாயா, தெளிந்துவிட்டாய்!” என்றது ஆண்டெனா.

அந்த அளவை நம்பிப் பனிநிலத்திலிருந்து ஒரு ரப்பர் பலூன் கிளம்பியது. வெகு உயரத்திலிருந்து அதன் குரல் கேட்டது.

“அக்கா, வெயிலைத் தடுக்க ஓசோன் நிறைய இருக்கிறது என்றாயே! என் தோல் வெடிக்கிறதே! நீ பார்க்கவில்லையா?”

“பார்த்தேன்,” என்றது செயற்கைக்கோள். அந்தப் பதில் எட்டுமுன் பலூன் கிழிந்து விழுந்தது.

அதன்பின் செயற்கைக்கோள் சுற்றுக்குச் சுற்று உண்மை அளவையே சொன்னது. ஒருநாள் அதை அணைத்துவிட்டார்கள்.

சவரிமுத்து இவ்விடத்தில் முடித்துக்கொண்டார். ஆண்டெனா மனம் மாறி அந்த அளவை ஏற்றுக்கொண்டதாக முடிப்பவர்களும் உண்டு. பலூன் பிழைத்ததாக மட்டும் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.