காருக்குப் பிடித்த ஒபுக்கோ

மருமகன் ஓட்டும் காரில், அவனுக்குப் பக்கத்து சீட்டிலேயே மாமியார் ஏறி உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? எங்கள் ஊர் மசாக்காவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வெட்கம் கெட்டவள் என்பார்கள்.

நபதான்சி அதைத்தான் செய்தாள். அதுவும் பட்டப்பகலில், பட்டு கோமேசி அங்கியை மடக்கிக்கொண்டு, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு.

எங்கள் ஊரில் மருமகன் வந்தால் மாமியார் ஒதுங்கிப் போக வேண்டும். நேரே பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது. மீறினால் ஒபுக்கோ என்கிற நடுக்க நோய் பிடிக்கும். கைகால் உதற ஆரம்பித்தால் லேசில் நிற்காது.

மருமகன் லுபோவாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பின்சீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருந்த மனைவியிடம், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஹாரியட், உங்க அம்மாகிட்ட சொல்லு. பின்னாடி இடம் இருக்குன்னு."

நபதான்சி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஹாரியட், உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. பின்னாடி உட்கார்ந்தா எனக்குக் குமட்டும்னு."

"எப்பலருந்து குமட்டுதுன்னு கேளு."

"இன்னிக்குக் காலையிலருந்துன்னு சொல்லு."

கம்பாலாவில் கல்யாணம். நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் லுபோவா தன் பக்கத்துக் கதவோடு ஒட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

அந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்த வண்டி. கம்பாலாவிலுள்ள கார் கம்பெனி ஏஜென்சியிலிருந்து மாதக்கணக்கில் போன் மேல் போன்.

"சார், உங்க மாடல்ல ஸ்டியரிங் பால் ஜாயின்ட் சரியில்லை. ஓடும்போதே கழண்டு, சக்கரம் திரும்பிக்கும். கொண்டு வாங்க, காசில்லாம மாத்தித் தர்றோம்."

ரேடியோவிலும் சொன்னார்கள். பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் விடுவது அந்த வண்டிதான். ஹாரியட் கெஞ்சினாள், அழுதாள்.

"காசில்லாம எவன்டி தருவான்? நல்ல பார்ட்டைக் கழட்டிக்கிட்டு ஓட்டையை மாட்டி அனுப்புவான்" என்றுவிட்டான் லுபோவா. தகரக் கடை வைத்திருப்பவன். அவனாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான்.

வழியில் லுக்காயா ஊரைத் தாண்டியதும் ரோடு நேராக ஓடும். லுபோவா அழுத்தி மிதித்தான். ஸ்டியரிங் கடகடவென்று உதறியது.

"போச்சு, பிடிச்சிடுச்சு" என்று வண்டியை ஓரம் கட்டினான்.

"போன வாரமும் இப்படித்தானே உதறிச்சு?" என்றாள் ஹாரியட்.

"அது ரோடு. இது ஒபுக்கோ."

"இதே ரோடுதாங்க அது."

"போன வாரம் உங்க அம்மா முன்சீட்டுல இருந்தாங்களா?"



லுபோவா கீழே இறங்கி, மாமியாருடைய குலத்துப் பெரியவர் கவுமாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"கையை நீட்டிப் பாரு. நடுங்குதா?" என்றார் பெரியவர்.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஓட்டினா நடுங்குதுங்கய்யா. விட்டா நின்னுடுது."

"அப்போ உன்னைப் பிடிக்கலை. காரைப் பிடிச்சிருக்கு."

"காரையா?"

"உங்க ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வெச்சது அதுதானே?"

"இப்ப என்னங்கய்யா பண்றது?"

"அவனவன் ஒபுக்கோவை அவனவன் குலத்துலதான் எடுக்கணும். காருக்குக் குலம் எது? செஞ்சவன். அவன் ஆளுங்ககிட்ட நேரா கொண்டு போய் விடு. அதுவரைக்கும் ஒரு உசிரையும் அதுல ஏத்தாதே. மெதுவா ஓட்டு. உன் மாமியாருக்கு ஒரு ஆடு அபராதம்னு சொல்லிடு."

மனைவி, மக்கள், மாமியார் எல்லோரும் டாக்ஸி வேனில் போனார்கள். லுபோவா மட்டும் தனியாக, சைக்கிள்காரர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு, ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்தான்.

"இங்கே மாமியார் நடுக்கம் எடுப்பீங்களா?"

கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிரவில்லை. "ஸ்டியரிங்லயா சார்?"

"ஆமா."

"எடுப்போம். சாவியைக் கொடுங்க."

மெக்கானிக் பழைய ஜாயின்டைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினான். விரலால் தட்டினாலே ஆடியது.

"இன்னொரு பயணம் தாங்கியிருக்காது சார்."

"எப்படித் தாங்கும்? லுக்காயா வரைக்கும் அந்தம்மா உட்கார்ந்தே வந்தாங்களே."

விஷயம் ஊருக்குள் பரவியது. மாமியாரை எப்போதோ காரில் ஏற்றியவர்களெல்லாம் ஏஜென்சிக்குக் கிளம்பினார்கள். ஏற்றாதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று கிளம்பினார்கள்.

நபதான்சியைத்தான் ஊர் கரித்துக் கொட்டியது. சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஹாரியட்டால் பொறுக்க முடியவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தாள்.

"வயசான காலத்துல ஏம்மா இப்படி மானத்தை வாங்குற? எனக்கு வெளியில தலை காட்ட முடியலை. இதுல ஆடு வேற புடிச்சுக் கொடுக்கணும்."

நபதான்சி மத்தோக்கே வாழைக்காயின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டை, கல்யாணத்துக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாளே பெரியவர் வீட்டுல கட்டிட்டேன்."

"முந்தின நாளேயா? தப்பு பண்றதுக்கு முன்னாடியே அபராதமா?"

"பின்னே? உன் வீட்டுக்காரர் போன் பண்ணினா என்ன சொல்லணும்னு பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்கப் போனவ, வெறுங்கையோடவா போவேன்?"

நபதான்சி அடுத்த காயை எடுத்தாள்.

"கம்பெனிக்காரங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. நீ அழுது பார்த்தே. மனுஷன் அசையலை. நான் ஒரே ஒரு தடவை ஏறி உட்கார்ந்தேன், போனாரா இல்லையா?"