ஏழு பன்றியும் ஒரு பொறியும்

பன்றியின் விலாவில் அம்பு போய்ச் செருகியது. பன்றி அசையவில்லை. தபோதரன் நிதானமாக நடந்து போய் அம்பைப் பிடுங்கினான். ரத்தத்துக்குப் பதிலாக ரப்பர் தூள் உதிர்ந்தது.

ஜெர்மனியில் வில்லால் உயிர் எடுக்கச் சட்டம் இடம் தராது. ஆசைப்படுகிறவர்களுக்காக பான் நகருக்கு வெளியே ஒரு காட்டில் ரப்பர் மிருகங்களை நட்டு வைத்து, வாடகைக்கு வில்லும் கொடுக்கிறார்கள். தபோதரனுக்கு வேண்டியிருந்தது வேட்டை அல்ல, நெருப்பு. காட்டில் நெருப்பு மூட்ட அனுமதியுள்ள ஒரே மேடை இந்த வேட்டைத் தடத்தின் முடிவில் இருந்தது. அங்கே போவதானாலும் வில் எடுத்தே ஆகவேண்டும் என்றான் வாசலில் நின்ற ஜெர்மன்காரன். விதி என்றால் விதிதான். ஏழாவது பன்றி வருவதற்குள் தபோதரனுக்குக் கொஞ்சம் ருசியும் பிடித்துவிட்டது.

அவன் கவலை வேறு. ஞாயிறு காலை முந்நூறு பேர் பார்த்திருக்க, தீப்பெட்டி இல்லாமல் கட்டையோடு கட்டை கடைந்து தீ எடுத்துக் காட்ட வேண்டும். இத்தனை காலமும் எங்கே அழைத்தாலும் அதை அப்பாதான் செய்தார். போன மாதம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததும், "மகன் செய்வான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மகனுக்கோ இதுவரை புகைதான் வந்திருக்கிறது. அப்பாவின் பெயர் தன் கையால் கெட்டுவிடக் கூடாது.

மேடையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அறுபது வயது, தொப்பை, தமிழ் முகம். அவருடைய வாடகை வில் மரத்தில் சாய்ந்து கிடந்தது. அம்புக் கட்டை அவிழ்க்கவேயில்லை. கம்பி வலையில் நாலு இறைச்சிச் சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தன.

"தம்பி தமிழோ?" என்று திடுக்கிட்டுக் கேட்டார்.

"ஓம், அண்ணை."

"எந்த இடம்? பானோ?"

"இல்லை, சுவிஸ். நேற்றுத்தான் வந்தனான்."

அவருக்கு உயிர் வந்தது. "அப்ப பிரச்சினை இல்லை. எத்தினை விழுத்தினீர்?"

"ஏழு பன்றி."

"அப்பிடிப் போடும்! இந்தாரும், ஒரு சாசேஜ் சாப்பிடும்."

"வேண்டாம், அண்ணை. வாழைப்பழம் வைச்சிருக்கிறன்."

வாழைப்பழம் தின்கிற வேட்டைக்காரனை அவர் அதுவரை பார்த்ததில்லை. தபோதரன் மஞ்சள் துணியில் சுற்றியிருந்த இரண்டு கட்டைகளை எடுத்தான். வளைத்துக் கட்டிய சிறு கம்பின் கயிற்றை ஒன்றில் சுற்றி, மற்றதன் குழியில் நிறுத்தி, இழுத்து இழுத்துக் கடையத் தொடங்கினான். ஜூலை வெயில். கம்பளித் தொப்பிக்குக் கீழே வியர்வை ஆறாக ஓடியது.

"உந்தத் தொப்பியைக் கழட்டுமன், தம்பி."

"பரவாயில்லை, அண்ணை."

அவர் ஒரு கடி கடித்துவிட்டு மனம் திறந்தார். "நீர் வேட்டைக்காரன், உமக்கு விளங்கும். நான் மகேந்திரராஜா, இங்கத்தைக் கோயில் சபைத் தலைவர். நாளைக்குக் கும்பாபிஷேகக் கிரியை துவங்குது. ஒரு மாசமா வீட்டிலை மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை. மனிசி பிரிட்ஜுக்கே பூட்டுப் போடுவாள் போல. வில்லு பழகப்போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"கோயிலிலை தெரிஞ்சால்?"

"ஆர் சொல்லப்போகினம்? நாளைக்கு முதல் மரியாதை, காளாஞ்சி எல்லாம் எனக்குத்தான். பூசைக்குப் புதுசா வாற ஐயாதான் பொல்லாத ஆசாரமாம். அவருக்கென்ன மணக்கவே போகுது!"

புகை எழுந்தது, அடங்கியது. மறுபடி எழுந்தது, மறுபடி அடங்கியது. தபோதரனின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. அழுகை வரும்போல் இருந்தது அவனுக்கு.

மகேந்திரராஜாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. "இந்தாரும் லைட்டர். ஆர் பாக்கப்போகினம்?"

"பாக்கவேண்டியவர் பாப்பார், அண்ணை."

"போட்டி நடுவரோ?"

"அப்பிடி வைச்சுக்கொள்ளுங்கோ."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒருமுறை இழுத்தான். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது, நிறுத்தவில்லை. குழியின் ஓரத்தில் கருந்தூள் குவிந்தது. அதற்குள் சின்னதாக ஒரு சிவப்புப் பொறி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தேங்காய்த் தும்பில் தட்டி, இரண்டு கையிலும் ஏந்தி ஊதினான். குப்பென்று பற்றிக்கொண்டது.

"வந்திட்டுது!" மகேந்திரராஜா சாசேஜைப் பிடித்த கையோடு கைதட்டினார். "கெட்டிக்காரன்! தம்பி, நாளைக்கு எங்கட கோயிலுக்குக் கட்டாயம் வாரும். சாப்பாடெல்லாம் இருக்கு. எங்கட புது ஐயாவையும் அறிமுகப்படுத்தி விடுறன்."

தபோதரன் நெருப்பைப் பார்த்து ஒருமுறை கைகூப்பினான். அப்பாவின் பெயர் பிழைத்துவிட்டது. பிறகு நிம்மதியாகத் தொப்பியைக் கழற்றினான். உள்ளே சுருட்டி வைத்திருந்த குடுமி அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"காலமை ஐஞ்சு மணிக்கு யாகத்துக்கு நெருப்புக் கடைவன், தலைவர், முழுகிப்போட்டு வாங்கோ."