கரை திரும்பி வந்த மதியம்

மதிய வெயில் கணினித் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. டீ ஆறி ஆடை படிந்து கிடக்கிறது. விமானத்திலிருந்து லேசர் அளந்த புள்ளிகளில் எது தரை, எது கட்டடம் என்று பிரிப்பது அவள் வேலை. அதைவிடச் சரிவானதெல்லாம் கட்டடம் என்று, சரிவு வரம்பைப் பதினைந்து டிகிரியாகக் கொடுத்திருந்தாள். செங்குத்தான ஆற்றங்கரையையும் கட்டடமென்று எண்ணி மென்பொருள் துடைத்துவிட்டது. அதனால்தான் கரையே இல்லாத நேற்றைய வெள்ள வரைபடத்தில் அக்கா வீட்டுத் தெரு முழுக்கத் தண்ணீரின் நீலம்; பார்த்ததும் சாமான்களைக் கட்டச் சொல்லியிருந்தாள். இப்போது நாற்பது என்று தட்டிவிட்டு நகத்தைக் கடிக்கிறாள். பழுப்புக் கோடாகக் கரை எழுகிறது. நீலம் அதன் காலடியிலேயே நின்றுவிடுகிறது. “அப்பாடா,” என்கிறார் பக்கத்து மேசைக்காரர், தன் வீடே தப்பியதுபோல. அவள் கைபேசியை எடுக்கிறாள். “அக்கா, கட்டின பெட்டியெல்லாம் பிரிச்சிடு. தண்ணி வராது. தப்பு என்னோடதுதான்.” மறுமுனையில் அக்காவுக்கு மூச்சிரைக்கிறது. “அடிப்பாவி, பீரோவ இப்பத்தான்டி மாடிக்கு ஏத்தி முடிச்சோம்.”